இரண்டாம் சீலமும் கூட்டு வீடும்

பௌர்ணமிதோறும் விகாரையில் கூடிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். 'கொடாததை எடேன்' என்னும் இரண்டாம் சீலத்தைச் சொல்லுங்கால் பிறர் பணப்பையை நினைக்கின்றோமேயன்றி, நாம் குடியிருக்கும் வீட்டை நினைப்பதில்லை.

நாம் ஆலையில் தறியோட்டிய நாளில் இரு நண்பரை அறிவோம். ஓர் அறையில் வாடகைக்கிருந்து, ஓர் அடுப்பில் சமைத்துண்டவர்கள் பின்னர்ச் சேர்ந்தே சிறு வீடொன்று வாங்கினர். விலையில் நான்கில் மூன்று பங்கை மூத்தவர் தந்தார். அவர் தாயாரின் நகையும் அதில் போயிற்று. எஞ்சிய ஒரு பங்கை இளையவர் தந்தார். பத்திரத்தில் இருவர் பெயரும் எழுதப்பட்டன. இன்னார் இவ்வளவு தந்தார் என்பது எழுதப்படவில்லை. நண்பருக்குள் கணக்கா என்று வெட்கினர். (வீடு வாங்குவோர் அவரவர் தொகையைப் பத்திரத்திலேயே எழுதுவித்தல் நட்புக்கு இழுக்கன்று.) குடும்பங்கள் பெருகின. குழாயடியில் தொடங்கிய மனத்தாங்கல் பாகப்பிரிவினையில் வந்து நின்றது. இளையவர் பாதி கேட்டார்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 45ஆம் பிரிவில், தத்தம் தனிப்பணத்தால் சேர்ந்து வாங்கியவர்க்குப் போட்ட பணத்தின் அளவே உரிமை என்கிறது. அதற்குச் சான்றில்லையாயின் சமபங்கென்றே கொள்ளச் சொல்கிறது. மூத்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. இளையவர் நம்மிடம் வந்து, "அண்ணே, சட்டமே கொடுப்பதை வாங்கினால் சீலம் கெடுமா?" என்றார்.

இக்கேள்வி புதிதன்று. விநயபிடகத்தில் களவுக்குரிய பாராஜிக விதி பிறந்ததே ஒரு வீட்டினாலன்றோ? குயவர் மகனாகிய தனியர் என்னும் பிக்கு, இராசகிருகத்தில் குடில் கட்ட அரசனுடைய மரங்களைக் கொண்டு சென்றார். கேட்டபோது, 'புல்லும் மரமும் நீரும் துறவியர்க்குத் தந்தோம்' என்று முடிசூடிய நாளில் பிம்பிசாரர் கூறிய சொல்லையே சான்று காட்டினார். அச்சொல் காட்டில் உடையவரின்றிக் கிடப்பவற்றுக்கே என்றார் மன்னர்.

அவ்விதியின் விளக்கத்தில் வயலும் மனையும் விகாரையும் வருகின்றன. பிறருடையதென அறிந்தே உரிமை கொண்டாடினால் அப்போதே குற்றம். உடையவன் உள்ளத்தில் ஐயத்தை எழுப்பினால் அதனினும் பெருங்குற்றம். இனி இது எனக்கில்லை என்று அவன் கைவிட்டால் பாராஜிகம். வழக்காடித் தோற்றாலும் பெருங்குற்றமே, வென்றாலோ பாராஜிகம். வெற்றியே களவை நிறைவேற்றுகிறது! தன்னுடையதென்றே மெய்யாய் நம்பியவனுக்குக் குற்றமில்லை. விதி பிக்குகளுக்குரியதே, ஆயினும் களவு எதுவென்று அறிய இல்லறத்தார்க்கு வேறு அளவுகோல் ஏது?

இதனைக் கூறி, "தம்பி, நீ போட்டது எத்தனை பங்கு?" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் கழித்து, "ஒன்று" என்றார்.

இரு திங்களுக்குப் பின் சார்பதிவாளர் அலுவலகத்தில், மிகுதியான கால் பங்குக்கு மூத்தவர் பெயரில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தார். அவர்களிடையே இன்றளவும் பேச்சில்லை. வீட்டின் நடுவே சுவர் எழுந்துவிட்டது; குழாய் மட்டும் பொதுவில் இருக்கின்றது.