பாங்காக்குக்குக் கோயில் பார்க்கப் போங்கள்

காரியாபட்டியில் யாரிடமாவது தாய்லாந்து போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். சிமென்ட், பெயின்ட் கம்பெனிகள் டீலர்களைக் கூட்டிப்போகும் டூர், பட்டாயா, வீட்டில் சொல்லாத கதைகள். அந்த நாட்டைப் பற்றி நம் பக்கத்தில் தெரிந்தது அவ்வளவுதான். "மதினி, பொம்பளையாளுக போற ஊரா அது?" என்று என் நாத்தனாரே கேட்டார். மகளோடு ஒரு தடவை போனேன், பிறகு தனியாகவும் போய் வந்தேன். கோயில் குளம் என்று போய்ப் பழகிய ஒருத்திக்கு, டூர்க்காரர்கள் துணையில்லாமல் சுற்ற இதைவிடத் தோதான வெளிநாடு இருக்குமா என்று தெரியவில்லை. டூரில் போனால் ஒரு பெரிய கோயிலுக்கு அரை மணி நேரம்தான் தருவார்கள், மீதி நேரமெல்லாம் கடைத்தெருவுக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்து வருஷம் தீபாவளியோடு முடிகிறது. பட்டாசுக் கடைக் கணக்கு வழக்கெல்லாம் தீர்ந்து, சிவகாசியில் ஆலைகள் பூட்டிக் கிடக்கும் அந்த நாட்கள்தான் போவதற்குச் சரியான சமயம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாங்காக்கிலும் அதற்கு வடக்கேயும் மழை ஓய்ந்து, வெயில் தணிந்திருக்கும். ஐப்பசி அல்லது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி லாய் கிரதோங் என்ற திருவிழா வரும். வாழைத்தண்டிலும் இலையிலும் செய்த சின்னத் தெப்பத்தில் விளக்கும் ஊதுபத்தியும் பூவும் வைத்து ஆற்றில் விடுவார்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கும் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் வெயிலும் கூட்டமும் கோயில் சுற்றுவதற்கு ஆகாது.

கிளம்பும் முன் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பட்டாசுக் கடையிலோ குடோனிலோ புழங்கிய பையை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் சின்னத் துணிப்பட்டையால் பையைத் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பார்கள். வெடியுப்புத் தூசி தையல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு பை, வேறு செருப்பு, அலசிக் காயப்போட்ட உடுப்பு என்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். "சிவகாசிப் பக்கமா, பிள்ளைகளுக்கு நாலு கம்பி மத்தாப்பு கொண்டு வாங்க" என்று யாராவது ஆசையாகக் கேட்பார்கள். மத்தாப்பு வேண்டாம், தீப்பெட்டிகூட வேண்டாம்.

மதுரை விமான நிலையம் நமக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கிருந்து கொழும்பு வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை மதுரையிலேயே முடிந்துவிடும், சென்னைக்கு அலைய வேண்டாம். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தது. எத்தனை நாள் தங்கலாம் என்ற விதியை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் டிக்கெட் போடும் வாரத்தில் தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். அது இலவசம், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசாங்கத்தினுடையது அல்ல.

பாங்காக்கில் முதல் நாள் காலை எட்டு மணிக்கு வாட் போ கோயில் வாசலில் இருங்கள். சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். உள்ளே சயனப் புத்தர், 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். எல்லோரும் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பாதத்தருகே போய் நில்லுங்கள். கறுப்புப் பரப்பில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்களைச் செய்திருக்கிறார்கள். வெளிச்சம் சாய்ந்து விழும்போது சிப்பி ஊதாவும் பச்சையுமாக மாறும். முதுகுப்புறம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்த மண்டபம் முழுக்க அந்த டிங் டிங் சத்தம்தான். சாமியின் பின்பக்கத்துக்கு ஒரு வேலை வைத்து, வருகிறவர்களை முழுச் சுற்று சுற்றவைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

அங்கிருந்து அரண்மனைக்கு நடக்கும்போது, நல்ல உடுப்புப் போட்ட ஒருவர் வந்து "இன்றைக்கு அரண்மனை மூடல், நான் வேறு கோயில் காட்டுகிறேன்" என்பார். நம்பி ஆட்டோவில் ஏறினால் ரத்தினக் கடையில் கொண்டுபோய் இறக்குவார்கள். பேசாமல் வாசல்வரை போய் நீங்களே பாருங்கள். நுழைவுக் கட்டணம் 500 பாட், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுடிதாரும் துப்பட்டாவும் போதும். அரண்மனை வளாகக் கோயிலில் இருக்கும் மரகதப் புத்தருக்குக் கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக மூன்று அலங்காரம், மாற்றுகிறவர் மன்னரே. சுற்றுப் பிராகாரச் சுவரில் ராமாயணம் 178 சித்திரங்களாக ஓடுகிறது. சீதையைத் தூக்குவது, பாலம் கட்டுவது எல்லாம் யாரும் சொல்லாமலே நமக்குப் புரியும். டூர்க் கூட்டங்கள் இந்தப் பக்கம் நிற்பதில்லை, ஆற அமரப் பார்க்கலாம்.

கோயில் நடைமுறையில் நமக்குப் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். செருப்பைக் கழற்றுவது, வாசல்படியை மிதிக்காமல் தாண்டுவது, சாமிக்கு நேரே கால் நீட்டாதது. புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை கொஞ்சம். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது, கையில் நேராக எதையும் கொடுக்கவும் கூடாது. அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது அவர்கள் மனதை நோகடிக்கும். பாட் நோட்டு காலடியில் விழுந்தால் காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள், அதில் மன்னர் படம் இருக்கிறது. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

மல்லிகைக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவள் என்பதால் அங்கே பூக்காரிகளிடம் வெகுநேரம் நின்றுவிட்டேன். நாம் நாரில் கட்டுகிறோம், அவர்கள் முழ நீள ஊசியில் மல்லி மொட்டைக் காம்புப் பக்கமாகக் குத்திக் குத்தி ஏற்றுகிறார்கள். நாலைந்து மொட்டுக்கு ஒரு சுற்று, அடுத்த சுற்று இடைவெளியில் உட்கார, ஊசி நிறைந்ததும் நூலுக்கு இறக்கிவிடுகிறார்கள். பூவின் முகம் எல்லாம் வெளியே, காம்பு ஒன்றுகூடக் கண்ணில் படாது. நுனியில் ரோஜா ஒன்று குஞ்சம்போலத் தொங்கும். ஒரு அம்மா என் கையில் ஊசியைக் கொடுத்துக் கோக்கச் சொன்னார். பாஷை தெரியாமலே ஒரு மாலை முடிந்தது. பெரிய கோயில்களை அவசரமில்லாமல் இரண்டு மூன்று பார்த்துவிட்டு, இப்படி உட்கார நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

தமிழர்கள் தவறவிடக் கூடாத இடம் ஒன்று பாங்காக்கில் இருக்கிறது, எந்த டூர்க்காரரும் காட்டமாட்டார். வாட் சுதட் கோயில் முன்னால் சிவப்பாக உயர்ந்து நிற்கும் பெரிய ஊஞ்சல் தூண்கள். அதற்குப் பக்கத்தில் மன்னர் முதலாம் ராமா 1784இல் கட்டிய தேவஸ்தான். சிவனுக்கும் பிள்ளையாருக்கும் பெருமாளுக்கும் தனித்தனிச் சன்னிதிகள். அரண்மனைப் புரோகிதர்கள் மார்கழி, தை வாக்கில் இங்கே நடத்தும் விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். கிரந்த எழுத்து ஏட்டிலிருந்து ஓதுவார்கள், உச்சரிப்பு நமக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. அந்த விழாவில் நடந்த ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனது, ஓதுவது நிற்கவில்லை. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1950களில் இதைப் பற்றி எழுதி உலகத்துக்குச் சொன்னார். திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் எங்களுக்கு மதுரையைத் தாண்டினால் வந்துவிடும். மார்கழி விடியலில் எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டு எழுந்த பாட்டு, ஒரு அரசவையில் நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது என்று தேவஸ்தான் திண்ணையில் உட்கார்ந்து நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் உண்டு. அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். நவராத்திரியில் போனால் தெருவே அடைத்துக் கிடக்கும்.

அயுத்தயாவுக்கு ரயிலில் போங்கள். மூன்றாம் வகுப்பு டிக்கெட் நம் டவுன் பஸ் காசுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்துகொண்டு நெல்வயலைப் பார்த்தபடி போகலாம். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த தலைநகரம், 1767இல் பர்மியப் படை எரித்தது. வாட் மகாதாட்டில் வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். ஒரு மரத்தின் வேருக்குள் புத்தரின் தலை ஒன்று மட்டும் சிக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே படம் எடுக்க வேண்டுமென்றால் அந்தத் தலைக்குக் கீழே நம் தலை இருக்கும்படி உட்கார வேண்டும், காவலர் சொல்வார். ஸ்டேஷன் எதிரிலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். பகல் பதினொன்றுக்கு முன் சுற்றி முடித்துவிடுங்கள், நிழல் குறைவு.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சைவக்காரர்கள் "ஜே" என்று சொன்னால் போதும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து மாட்டிய கடைகளில் கறி, மீன், முட்டை கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். மற்றக் கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள், பப்பாளிக் காய் சாலட்டிலும் அது இருக்கும். ஒரு டப்பா பருப்புப் பொடி பெட்டியில் இருந்தால் சோறு எங்கே கிடைத்தாலும் சமாளிக்கலாம். ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவைக்கும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள், எடுப்பதைச் சேர்த்து எடுங்கள்.

திரும்பும்போது புத்தர் சிலை வாங்க ஆசை வரும். சிலையை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக அவர்களுடைய நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் அதை வாங்கித் தருவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். நான் மாலை கோக்கிற ஊசி நாலு வாங்கி, பெரிய பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். நாத்தனார் அதில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்கு மாலை கோக்கிறார். அடுத்த தீபாவளி முடிந்ததும் தானும் வருவதாகச் சொல்லி, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.