வாடையும் கால்நடையும்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை ஒட்டி அமைந்துள்ளது ஒசூர். கிருட்டிணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மேட்டு நிலத்தில் இருக்கின்றது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர் ஆலைகள் பெருகி, ஒசூர் இன்று தொழில் நகரமாக விளங்குகின்றது. எனினும், ஆலைகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே கால்நடை வளர்ப்பிற்குப் பெயர் பெற்ற இடம் இது. படைக்குரிய குதிரைகளை வளர்க்கும் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1824-ஆம் ஆண்டில் மத்திகிரியில் பண்ணை ஒன்றை நிறுவினர். அதுவே பின்னர் அரசின் கால்நடைப் பண்ணையாயிற்று. இன்றும் ஒசூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கறவை மாடும் கோழியும் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன.

இந்நிலத்தில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்பொழுது கால்நடைகளின் உணவும் நீரும் எடையும் எவ்வாறு மாறுகின்றன என்பது அறியத்தக்கது.

மனிதனின் உடல் வெப்பம் 37 பாகை. பசுவினுடையது ஏறத்தாழ 38.5 பாகை, கோழியினுடையது 41 பாகைக்கும் மேல். புறத்தே எவ்வளவு குளிர்ந்தாலும் இவ்வெப்பம் குறையாமல் இருந்தாலன்றி உயிர் வாழ்தல் இயலாது. இவ்வெப்பத்திற்கு மூலம் யாது? பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான இலவாசியேயும் இலப்லாசும் 1782-83-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இதனை ஆராய்ந்தனர். கினிப்பன்றி என்னும் சிற்றுயிரைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய நீரை நிறுத்துப் பார்த்தனர். விலங்கின் மூச்சும் ஒருவகை மெல்லிய எரிதலே என்பது அவர்கள் கண்ட முடிபு. ஆகவே, உடல் ஓர் அடுப்பு; உணவே அதன் விறகு.

குளிர் தாக்கியவுடன் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, மயிர் சிலிர்க்கின்றது, விலங்கு உடலைக் குறுக்கிப் படுக்கின்றது. இவை வெப்பம் வெளியேறாமல் காக்கும் வழிகள். இவை போதாவிடில் தசைகள் நடுங்கி வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. நடுக்கம் வீண் அன்று. அதுவும் ஓர் உழைப்பே. உழைப்பு மிகுந்தால் பசியும் மிகும். எலிகளை 5 பாகைக் குளிரில் வாரக்கணக்காக வைத்துப் பார்த்தால், அவை முன்னினும் மிகுதியாக உண்கின்றன. ஆயினும், இதமான அறையில் வளரும் எலிகளைப் போல எடை கூடுவதில்லை. வரவு மிகுந்தும் செலவு அதனினும் மிகுந்தால் கையிருப்பு வளருமோ?

நீரின் வழி இதற்கு மாறானது. குளிரில் வியர்வையும் இளைப்பும் குறைவதால் விலங்கு குறைவாகவே நீர் அருந்தும். அன்றியும், தோலிலிருந்து பின்வாங்கிய குருதி உடலின் நடுவே திரளுதலால் நீர் நிறைந்திருப்பதுபோன்ற உணர்வு தோன்றுகின்றது. அதனால் வேட்கை தணிகின்றது, சிறுநீரோ மிகுகின்றது. உலர்ந்த தாளை மிகுதியாகத் தின்னும் மாட்டிற்கு நீர் குறைந்தால் நாளடைவில் தீனியும் குறையும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், நக்கீரர் மழையோடு கூடிய வாடையைக் கூறுமிடத்து, விலங்குகள் மேய்ச்சலை மறந்தன என்றும், பசுக்கள் கன்றுகளைப் பாலுண்ண விடவில்லை என்றும் உரைக்கின்றார். குளிர் பசியை மிகுவிக்குமாயின், விலங்குகள் மேய மறந்தது ஏன்? புலவர் கூற்றும் உண்மையே. மயிரிடையே தங்கிய காற்றுத்தான் விலங்கின் போர்வை. மழை மயிரை நனைத்துவிட, காற்றும் கடிந்து வீசினால் அப்போர்வை பயனற்றுப் போகின்றது. அந்நிலையில் விலங்கு நடந்து மேய்வதை விட்டு ஒதுங்கி ஒடுங்குகின்றது. செலவு உச்சத்தில் இருக்க, வரவு நின்றுவிடுகின்றது. ஆதலின், வறண்ட குளிரினும் நனைந்த குளிரே கொடியது.

குளிர் எல்லா உயிரையும் ஒருபடித்தாக வருத்துவதில்லை. வளர்ந்த பசுவின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தாளைப் புளிக்கச் செய்யும்பொழுது மிக்க வெப்பம் தோன்றுகின்றது. ஆகையால் ஒசூரின் குளிர் அதற்குத் துன்பமன்று. குளிர்நாட்டு இனங்களோடு கலந்த பசுவிற்கு அஃது இன்பமேயாகும். புதிதாய்ப் பிறந்த கன்றிற்கோ அவ்விரைப்பை இன்னும் தொழிற்படவில்லை, உடலும் சிறிது. சிறிய உடலில் எடையை நோக்கத் தோலின் பரப்பு மிகுதியாதலின் வெப்பம் விரைந்து வெளியேறும். ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே அக்கன்று தன் வளர்ச்சிக்குரிய பாலையே எரித்துக் குளிர் காய வேண்டியுள்ளது. கோழிக்குஞ்சின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முதல் வாரத்தில் அதற்கு 33 முதல் 35 பாகை வெப்பம் வேண்டும். அது கிடையாதபொழுது குஞ்சுகள் தீனியையும் நீரையும் நாடாமல் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி மூச்சுமுட்டி மடியும்.

ஒரே தொழுவத்தில் தாய்ப்பசு அமைதியாக அசைபோட்டிருக்க, அதன் அருகிலேயே கன்று மெலியக்கூடும். தாயின் நலத்தைக் கண்டு கன்றும் நலமென்று கருதுதல் தவறு. 18 பாகையில் உள்ள 4 லிட்டர் பாலைக் கன்றிற்குக் கொடுத்தால், அதனை உடல் வெப்பத்திற்கு உயர்த்தவே 80 கிலோகலோரி செலவாகும். அப்பாலை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் அச்செலவு கன்றிற்கு மிச்சம். பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுதல், மேனியைத் துடைத்து உலர்த்துதல், உலர்ந்த தாளைப் பரப்புதல், வாடை வீசும் பக்கத்தில் கோணிப்படுதா கட்டுதல் ஆகியவை எளிய காவல்கள். இரவில் தொட்டியில் கிடந்து குளிர்ந்த நீரினும், காலையில் இறைத்த கிணற்று நீர் வெப்பமுடையது. கால்நடைகள் அதனை விரும்பிப் பருகும். குஞ்சுகளுக்கு விளக்கின் வெப்பத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து வரவேண்டும்.

குளிரில் நடுங்கியதென்று மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன் என்னும் வள்ளல். அவன் அருள் போற்றத்தக்கது. வாயில்லா உயிர்களை வளர்ப்போர், எவ்வுயிருக்கு எப்போது எக்காவல் வேண்டும் என்னும் அறிவையும் அவ்வருளோடு சேர்த்தல் வேண்டும். அருளும் அறிவும் கூடிய இடத்தில் கன்று பிழைக்கும், குடும்பமும் தழைக்கும்.