அந்தக்கரணங்களின் வளர்ச்சியும் தளர்ச்சியும்

சிவமயம்



உயிர் அறியும் இயல்புடையது. ஆயினும் ஆணவ மலத்தான் மறைப்புண்டு கிடத்தலின், கருவிகளின் துணையின்றி உலகப் பொருள் யாதொன்றனையும் தானே அறியமாட்டாது. அக்கருவிகளுள் அகத்தே நின்று உதவுவன மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்குமாம். இவை அந்தக்கரணம் எனப்படும். இவை தொழில் செய்யுமாறும், வளருமாறும், தளருமாறும், அவற்றால் மனிதர் நடை வேறுபடுமாறும் இப்பாடத்தில் ஆராயப்படும். இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. நம் இல்லங்களில் முதியோரை நாம் நடத்தும் முறை இதனைப் பொறுத்து நிற்பதாம்.

1. கருவிகளின் தொழில்

பள்ளிவாசல்துறை முதலிய புத்தளக் கரையூரார் எளிதில் உணருமாறு ஓர் உதாரணம் கூறுவாம். விடியற்போதிற் கரையில் நிற்கும் கரைவலைச் சம்மாட்டி ஒருவர் கடலில் ஒரு கருநிழலைக் காண்கின்றார். 'இது மீன் கூட்டமோ, முகிலின் நிழலோ' என்று மனம் அதனைப் பற்றி ஐயுறுகின்றது. முன்பு கண்டவற்றைச் சித்தம் சிந்திக்கின்றது. 'இதனை நான் துணிவேன்' என்று அகங்காரம் எழுகின்றது. 'இது சாளைக் கூட்டமே' என்று புத்தி நிச்சயிக்கின்றது. அதன் பின்னரே அவர் வலை வளைக்குமாறு ஆட்களை ஏவுகின்றார். இவ்வாறே, புறத்தில் நாம் காணுஞ் செயலுக்கு முன்னே அகத்தில் இந்நால்வகைத் தொழிலும் நிகழ்கின்றன என்க.

இக்கால மருத்துவ நூலார் கவனம், நினைவு, மொழி, தீர்மானம் முதலியவற்றை மூளையின் தொழில்களாக வைத்து ஆராய்வர். அவர் ஆராய்வது உடம்பின் நலம் நோக்கி. நம் ஆசிரியர் தத்துவங்களை வகுத்தது உயிரின் வீடுபேறு நோக்கி. ஆதலின் இரண்டனையும் ஒப்பவைத்து நோக்கலாமன்றி, ஒன்றென்று மயங்கற்க.

2. வளர்ச்சி

பிறந்த குழவியின் மூளை வளர்ந்தார் மூளையின் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கினது. 6 வயதளவில் அது 100க்கு 90 பங்களவு வளர்ந்துவிடும். எனினும், அவாவை அடக்கிப் பின்விளைவு நோக்கித் துணிதற்கு உதவும் நெற்றிப்புற மூளை 25 வயதளவிலேயே முதிர்ச்சி எய்தும். இளைஞர் நன்மை தீமை அறிந்தும் பிழை செய்தற்கு இஃது ஒரு காரணமாதலின், அவரைச் சினந்து ஒதுக்குதலினும் உடனிருந்து காத்தல் தகுவதாம். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் பாலபாடங்களைப் படிமுறையாக வகுத்தருளியதும் பருவத்திற்கேற்ற கல்வியின் பொருட்டேயாம்.

கருவிலிருக்குஞ் சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அயடீன் இன்றியமையாதது. தாய்க்கு அது மிகக் குறையுமாயின், தைரொய்டுச் சுரப்புக் குன்றிப் பிள்ளையின் அறிவு வளர்ச்சி தடைப்படும். புத்தளம் உப்பளங்களாற் பெயர்பெற்றது. கடலில் விளைந்த உப்பாதலின் அயடீன் அதிற் போதிய அளவு இயல்பாகவே அமைந்திருக்கும் என்று கருதுவார் உளர். அது பிழை. உப்பு விளையுங்கால் அதிற் றங்கும் அயடீன் மிகச் சிறிது. அதுபற்றியே இலங்கையில் 1995ஆம் ஆண்டிலே உண்ணும் உப்பிற்கு அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. உப்பளத்தில் வாரிய உப்பை அவ்வாறே சமையலிற் சேர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்க. கருவுற்ற பெண்கள் உள்ள வீட்டார் சிறப்பாகக் கொள்க.

3. தளர்ச்சி

கருவியின் ஆற்றல்களெல்லாம் ஒருங்கே தளர்வனவல்ல. விரைந்து கணித்தலும் புதியதனை உடனே பற்றுதலும் 30 வயதின் பின்னர் மெல்லக் குறையும். சொல்வளமும் உலகியலறிவும் 60 வயதின் பின்னும் நிலைபெறும். ஒருவர் பெயர் நாவில் வரச் சிறிது தாழ்த்தல் நோயன்று. நாடோறுஞ் சென்ற வழியிற் றிசை தப்புதல், உண்டதனை மறந்து மீண்டும் மீண்டும் உணவு கேட்டல், காசுக் கணக்கிற் றடுமாறல், பழகிய குணம் வேறுபடல் என்பன நோயின் குறிகளாம். அந்நோய் டிமென்சியா எனப்படும்.

அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதனை, 1906ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜெர்மனியின் டூபிங்கன் நகரிற் கூடிய மருத்துவர் அவையில் அலோயிஸ் அல்சைமர் என்பவர் முதன்முதல் எடுத்துரைத்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் டிமென்சியா உற்றோர் தொகை 5 கோடியே 70 லட்சம். இலங்கையில் இராகமைப் பகுதியில் 65 வயது கடந்தோரை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, 100 பேரில் ஏறத்தாழ நால்வருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது.

இந்நோயுற்ற தாய் தன் காப்பினை ஓரிடத்தில் வைத்து மறந்து, 'மருமகள் எடுத்துவிட்டாள்' என்பாள். அது வஞ்சனையன்று. தான் வைத்த நினைவைச் சித்தம் தாராதபோது, கிடைத்ததைக்கொண்டு புத்தி பிழைபடத் துணிந்ததேயாம். அவளோடு வழக்காடிப் பயனில்லை. 'வாருங்கள் அம்மா, தேடுவோம்' என்று உடன் தேடுதலே தக்கது. பேயென்று அஞ்சுதலும், வயதின் இயல்பென்று வாளா இருத்தலும் கூடா. தைரொய்டுக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு என்பவற்றாலும் இத்தகைய மறதி தோன்றும். அவை மருத்துவத்தாற் பெரும்பாலும் தீர்வனவாதலின், முதலில் வைத்தியரிடங் கொண்டுசெல்க.

4. காக்குமாறு

2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழுவினர், மாற்றக்கூடிய காரணங்கள் 14 என வகுத்து, அவற்றை முற்றும் நீக்கின் 100க்கு 45 பங்களவு இந்நோய் தடுக்கப்படவோ தாழ்க்கப்படவோ கூடுமெனக் கணித்தனர். இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், மிகுகுடி, செவிக்குறை, பார்வைக்குறை, தனிமை என்பன அவற்றுட் சில. செவி மந்தமான முதியவரைப் பேச்சிலிருந்து ஒதுக்கிவைக்கும் வீட்டில், செவிக்குறையும் தனிமையுமாகிய இரண்டு காரணங்கள் ஒருங்கு கூடுகின்றன என்பதனை எண்ணுக.

ஹைதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இருமொழி பேசுவோர்க்கு ஒருமொழியாளரினும் ஏறத்தாழ நாலரையாண்டு பிந்தியே நோய் தோன்றியமை காணப்பட்டது. எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு இருந்தது. பிற ஆய்வுகளெல்லாம் இதனோடு ஒத்தில ஆதலின், மொழியே காரணமென்று முடிந்த முடிபாகக் கொள்ளற்க. எனினும், தமிழுஞ் சிங்களமும் ஒருங்கு வழங்கும் நம் கரையில் இரண்டனையும் பயில்வதால் இழப்பொன்றுமில்லை; அயலாரோடு உறவும் வளரும்.

5. ஓர் ஐயம்

அற்றேல், கருவி கெட்டவிடத்து உயிருங் கெட்டதன்றோ எனின், அன்று. அந்தக்கரணம் உயிரன்று என்பதனைச் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் நிறுவி, அரசனும் அமைச்சரும் என்னும் உவமையால் விளக்கும். அமைச்சர் ஒருவர் பின் ஒருவராக நீங்கியபோது அரசன் செயலற்றிருப்பான், அரசனல்லாதவன் ஆகான். நாமும் நாடோறும் உறக்கத்திற் கருவிகளை விட்டுக் கிடந்து, விடிந்தபின் முன்னையோராகவே எழுகின்றோம். ஆதலின், மகன் பெயரை மறந்த தந்தையும் தந்தையே. அவர் மறந்தாராயின், அவர் மகன் என்பதனை மகன் மறவாதிருத்தல் வேண்டும். அறிவு மங்கினாரை இகழ்வோர் கருவியையே உயிரென்று கொண்டவராவர். அது நம் சமயக் கொள்கையன்று.

காலையுண்டதை மறந்தாரும், இளமையிற் பண்ணோடு பயின்ற பாட்டை வழுவாது பாடுதல் பல இல்லங்களிற் காணப்படுவது. திருப்பாண்டிக்கொடுமுடியிற் சுந்தரமூர்த்தி நாயனார், தாம் மறந்தபோதும் தமது நாவானது திருவைந்தெழுத்தை ஓதும் என்னுங் கருத்தமைய அருளிச்செய்தமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. நினைவு உள்ளபோது பயிலாதது, நினைவு நீங்கியபின் நாவில் வாராது. ஆதலின் நம் பிள்ளைகளுக்குத் திருமுறையை இளமையிலேயே பண்ணோடு பயிற்றுவோம். மாலைதோறும் முதியோரை நடுவிருத்தி உடன் ஓதுவோம். முன்னேச்சரத் திருவிழாவிற்குச் செல்லும்போது அவர்களை வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லாது, கைபிடித்து அழைத்துச் செல்வோம்.

திருச்சிற்றம்பலம்.