பிசிறு பார்க்கும் தம்பிக்கு



வேலையில் சேர்ந்த முதல் வாரமே பழைய ப்ராஜெக்ட் மீது ஸ்டாடிக் அனாலிசிஸை (நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் சோதனையை) ஓட்டிவிட்டு, வந்து குவிந்த வார்னிங்குகளைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறாய் என்று கேள்வி. நியாயம்தான். 1978இல் பெல் லேப்ஸின் ஸ்டீவ் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய இந்த வகை டூலுக்கு 'லின்ட்' என்று பெயர். துணியில் ஒட்டிக்கொள்ளும் பிசிறு என்று பொருள். பிசிறு எது, கிழிசல் எது என்று பிரிப்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஆளின் வேலைதான்.

கிழிசல் எப்படி இருக்கும்? 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்பு அப்டேட்டை அவசரமாக வெளியிட்டது. காரணம், சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடத்தில் 'கோ டூ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதலாவது மேலே இருந்த 'இஃப்'புக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாதது. ஆனால் அதே அளவு உள்தள்ளி எழுதியிருந்ததால் கண்ணை ஏமாற்றியது. கீழே இருந்த இறுதிச் சரிபார்ப்பு ஓடவே இல்லை. பிழை எண் பூஜ்யமாகவே இருந்ததால் ஃபங்ஷன் 'எல்லாம் சரி' என்று திரும்பியது. எட்ட முடியாத கோட் இருந்தால் சொல்லும் வார்னிங் கிளாங் கம்பைலரில் உண்டு. 'எல்லாம்' என்று பெயர் வைத்த சுவிட்சைப் போட்டாலும் அது வராது, தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

சோனார்க்யூப் என்ற ஸ்டாடிக் அனாலிசிஸ் டூல் நெடுங்காலம் வார்னிங்குகளை பக், வல்னரபிலிட்டி, கோட் ஸ்மெல் என்று பிரித்துவந்தது. தொடங்குவதற்குப் போதும். ஆனால் பணம் கைமாறும் மாட்யூலில் வரும் நல் பாயின்டரும், ரிப்போர்ட் அச்சிடும் ஸ்கிரிப்டில் வருவதும் அதற்கு ஒன்றே. அதனால் சொந்த டேக் வேண்டும். ரூலுக்கும் போடலாம், தனித்தனி இஷ்யூவுக்கும் போடலாம். 'பேமென்ட்', 'லாகின்', 'ரிலீஸுக்கு முன்' என்று பெயரைக் கேட்டதுமே யார் எழுந்துபோய்ச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிய வேண்டும். ஐந்தாறு போதும். 'இதர' என்று ஒன்றை வைத்துவிடாதே. பரணில் ஏற்றிய சாமான் கதைதான்.

அடுத்து, பட்டியலைச் சுருக்கும் ஃபில்டர். அதில் முதலில் வர வேண்டியது, நேற்று இன்று எழுதிய கோட். ஃபேஸ்புக்கில் இன்ஃபர் டூல் இரவில் ஓடி மொத்தப் பட்டியலாகக் கொடுத்தபோது ஏறக்குறைய யாரும் எதையும் திருத்தவில்லை. அதே டூல் கோட் ரிவ்யூவின்போதே சொன்னதும் 70 சதவீதத்துக்கு மேல் திருத்தினார்கள் என்று அங்குள்ள பொறியாளர்களே 2019இல் எழுதினார்கள்.

ஒதுக்கிவைக்கும் வார்னிங்கிலும் கவனம் தேவை. 2006இல் டெபியன் லினக்ஸில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நிரலில் வால்கிரைண்ட் முணுமுணுத்தது என்று இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். வால்கிரைண்ட் ஓடும் நிரலைப் பார்க்கும் டூல், ஸ்டாடிக் இல்லை, ஆனாலும் பாடம் ஒன்றுதான். சாவியை உருவாக்கும் தற்செயல் எண்ணுக்குச் சரக்கு சேர்த்த வரியும் அவற்றில் ஒன்று. 2008 மே மாதம் குட்டு வெளிப்பட்டபோது, ஒரு வகைக் கணினியில் சாவியின் ஓர் அளவுக்குச் சுமார் 32,768 சாவிகள்தான் சாத்தியம் என்று தெரிந்தது. ஆகவே 'தள்ளுபடி' டேக் போட்டால் பக்கத்திலேயே காரணமும் தேதியும் எழுது.

திங்கட்கிழமை 'பேமென்ட்' டேக்கை மட்டும் தொடங்கு. அதற்கு யார் பொறுப்பு என்று டீமில் கேட்டு, அந்தப் பெயரையும் அங்கேயே எழுதிவை.