அம்மாதான் முதல் வாடிக்கையாளர்

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன். ஏ.ஏ.டி. முடித்து, வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையில் மூன்று வருடமாக முழுநேர வேலை. செல்வ முகாமைத்துவ நிறுவனத்தில் முதலீட்டு உதவியாளராகச் சேர விருப்பம். பட்டம் இல்லாத எனக்கு அது சரிவருமா? "இருக்கிற வேலையை விட்டுடாதே" என்கிறார் அம்மா.
- ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சரிவரும். அம்மா சொல்வதும் சரி: வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் மூலதனச் சந்தைச் சான்றிதழில் தொடங்குங்கள். சி.எஃப்.ஏ. முதல் நிலைக்குப் பட்டம் கட்டாயமில்லை. குறைந்தது 3 தொடர் ஆண்டுகளில் 4,000 மணிநேர வேலை அனுபவம் இருந்தாலும் பதியலாம். உங்களுக்கு அது இருக்கிறது.

இந்த வேலையில் பாதி, கணக்கை ஒழுங்குபடுத்துவது. ஒருவருடைய நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல், பங்கு எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்து, எது எப்போது முதிர்கிறது என்று ஆலோசகருக்குக் காட்ட வேண்டும். ஏ.ஏ.டி. படித்த கைக்கு அது பழகிவிடும். மற்றப் பாதிதான் கடினம்.

2021 செப்டெம்பரில் ஒருவர் 10 இலட்சம் ரூபாயை 7 வீத வட்டிக்கு ஒரு வருடம் வைப்பிலிட்டார் என்று வையுங்கள். வருட முடிவில் கையில் 10 இலட்சத்து 70 ஆயிரம். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். முன்பு 10 இலட்சத்துக்கு வாங்கிய சாமான்களுக்கு இப்போது ஏறக்குறைய 17 இலட்சம் வேண்டும். "என்ர முதல் பத்திரமாத்தானே இருக்கு, பிள்ளை?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவரைப் பயமுறுத்தாமலும், எதையும் விற்கப் பார்க்காமலும், இந்தக் கணக்கை அவருடைய மொழியிலேயே விளங்கப்படுத்தத் தெரிய வேண்டும். வங்கிக் கவுண்டரில் மூன்று வருடம் இருந்து நீங்கள் பழகியது அதைத்தான். விண்ணப்பத்தில் அதை முதலில் எழுதுங்கள். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் பேசுவீர்களென்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நேர்முகத்துக்கு முன் ஒரு பயிற்சி. உங்கள் வீட்டு நகை, சீட்டு, வைப்பு, கடன் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தத் தேவைக்கு, எப்போது வேண்டும் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு அம்மாவிடம் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.