சிஆர்எம் அப்டேட்: யார் போடுவது, எப்போது போடுவது?

துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்கு ஃபேப்ரிகேஷன் செய்துதரும் பட்டறைக்கும், ஸ்ரீரங்கத்தில் யாத்திரை வண்டி அனுப்பும் டிராவல்ஸுக்கும் ஒரே சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்பு) மென்பொருள் பொருந்தலாம். அதற்கு அப்டேட் போடும் முறை பொருந்தாது. சர்வீஸ் அப்டேட் வந்ததும் யார் போடுவார், மறுநாள் ஏதாவது நின்றுபோனால் யார் இருப்பார் என்ற இரண்டையும் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

கணினி ஆள் இல்லாத கடைக்கு சோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ் மாதிரி கிளவுட் சேவைதான் சரி. அப்டேட்டை அவர்களே போட்டுவிடுவார்கள். ஆனால் நாள் குறிப்பதும் அவர்கள்தான். சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு 3 பெரிய வெளியீடுகளைத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 ஏப்ரலிலும் அக்டோபரிலும் தருகிறது. அக்டோபர் என்றால் திருச்சி என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடையில் தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். அதனால் வெளியீட்டுக்கு முன்பே சோதனைத் தளத்தில் பில், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் இணைப்புகளை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சொந்த சர்வர் வேறு கதை. சுகர்சிஆர்எம்மிலிருந்து 2013-இல் கிளைத்த சூட்சிஆர்எம்முக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. தரவும் உங்கள் கட்டடத்திலேயே இருக்கும். இதைக் கேட்டு ஆசைப்படுபவர்கள் அதன் பிஎச்பி பதிப்பையும் தரவுத்தளத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பதில்லை. உங்களுக்காகச் செய்த மாற்றங்கள் 'கஸ்டம்' ஃபோல்டருக்குள் இருந்தால் அப்டேட்டில் பிழைக்கும். மூலக் கோப்பிலேயே கை வைத்திருந்தால் அடுத்த அப்டேட் அதன்மேல் எழுதிவிடும். எழுதிக்கொடுத்தவரிடம் இதை முதலில் கேளுங்கள். மழுப்பினால் கிளவுடுக்கே போய்விடலாம்.

டைனமிக்ஸை சொந்த சர்வரில் வைத்திருப்போருக்கு 2013-இல் வந்த ஒரு தொகுப்பு நல்ல பாடம். டைனமிக்ஸ் சிஆர்எம் 2011-க்கான 12-வது அப்டேட் ரோலப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தவிர மற்ற பிரவுசர்களிலும் அதை ஓட வைத்தது. எல்லாருக்கும் வேண்டிய வசதிதான். ஆனால் பழைய எக்ஸ்ப்ளோரரை மட்டும் நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இந்த மாதிரி தொகுப்பை நீக்கினாலே தரவுத்தளம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றும் நம்ப முடியாது. பேக்கப்தான் கதி. அதையும் ஒருமுறை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். துவாக்குடிப் பட்டறைக்கு நான் சொல்வது இதைத்தான். "வந்து போட்டுட்டுப் போயிடுவோம் சார்" என்பவரை விட்டுவிடுங்கள். நகல் ஒன்றில் முதலில் போட்டுக் காட்டி, மறுநாள் காலை பத்து மணிக்கு உங்கள் இடத்தில் உட்காரச் சம்மதிப்பவருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

பாதுகாப்புத் திருத்தம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். புது வசதிக்கான அப்டேட் சில வாரம் காத்திருக்கட்டும். மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

இனி நாள். பட்டறைக்கு மார்ச் கடைசி ஆகாது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழா இருபது நாளைத் தாண்டும். புரட்டாசி சனிக்கிழமை, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் என்று கூட்டம் இல்லாத மாதத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பாருங்கள். தரவுத்தளம் மாறிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ் தீர்ந்தால் பாதியில் நிற்கும். சனி இரவை விடச் செவ்வாய் இரவு மேல். உதவிக்கு அழைத்தால் மறுநாள் ஆள் கிடைப்பார்கள்.

போடும் முன்பும் பின்பும் ஒரே தேடலைச் செய்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஸ்ரீரங்கம் முகவரிகளே இதற்குத் தோது. யூனிகோடில் 'ஸ்ரீ'யை ஸ வைத்தும் எழுதலாம், 2005-இல் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். சாதாரணத் தேடலுக்கு வேறு வேறு. இரண்டு வகையிலும் தேடிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறி வரிசை வந்தாலோ கடை திறக்கும் முன்பே பேக்கப்புக்குத் திரும்பிவிடுங்கள்.