கேக் வெட்டிக் கலைகிற குழுக்கள் போதாது

1993-இல் லூ கெர்ஸ்ட்னர் தலைமைப் பொறுப்பேற்றபோது ஐபிஎம் பெரும் நஷ்டத்தில் இருந்தது. அந்த நெருக்கடியிலும் அவரை ஒன்று உறுத்தியது. கணினி வாங்குகிறவர்களும் பல தரப்பினர், உள்ளே உழைக்கிறவர்களும் பல தரப்பினர். உயரதிகாரிகள் வரிசை மட்டும் அப்படி இல்லை.

இதைச் சரிசெய்ய 1995-இல் ஐபிஎம்மில், ஊழியர் பிரிவுக்கு ஒன்றாக, எட்டுப் பணிக்குழுக்கள் அமைந்தன. பெண்கள், கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்க வழியினர், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள், தன்பாலீர்ப்பாளர்கள் என ஏழு. எட்டாவது, வெள்ளையின ஆண்களுக்கு! யாரையும் எதிரணியில் நிறுத்தக் கூடாது என்கிற தெளிவு அதில் தெரிகிறது.

குழுக்களிடம் கேட்ட கேள்விகளில்தான் சூட்சுமம். உங்களவர்கள் இங்கே மதிப்போடு வேலை பார்க்க என்ன வேண்டும், அவர்கள் இன்னும் சிறப்பாக உழைக்க நிறுவனம் என்ன செய்யலாம் என்பதோடு நிற்கவில்லை. வெளியே உங்கள் சமூகத்தினர் நம் பொருளை வாங்க என்ன செய்யலாம், எந்த அமைப்புகளோடு கைகோக்கலாம் என்றும் கேட்டார்கள். பதில் சொல்ல ஆறு மாத அவகாசம். பெண்களும் சிறுபான்மையினரும் நடத்தும் சிறு, நடுத்தரத் தொழில்களை ஐபிஎம் சரியாக அணுகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. 1998-இல் 1 கோடி டாலராக இருந்த அந்தச் சந்தையிலிருந்து ஐபிஎம்முக்குக் கிடைத்த வருவாய், 2001-இல் 30 கோடி டாலரைத் தாண்டியது.

இப்படிப் பலன் கண்டது ஐபிஎம் மட்டுமல்ல. சிப்ஸ் தயாரிக்கும் ஃபிரிட்டோ-லே நிறுவனத்தில் லத்தீன் அமெரிக்க வழி ஊழியர்களின் குழுவான அடெலான்தே, குவாக்கமோலி சுவை டோரிட்டோஸ் சிப்ஸின் ருசியையும் பாக்கெட்டையும் பார்த்துத் திருத்தம் சொன்னது. ஜெராக்ஸில் 1970-களிலேயே அனுபவமுள்ள கறுப்பின விற்பனையாளர்கள் குழுவாகக் கூடி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தாங்களே தொழில் நுணுக்கம் கற்றுத் தந்தார்கள். நிறுவனம் பயிற்சிக்குச் செலவழித்தாலும் கிடைக்காத பாடம் அது.

சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் நான் நெருங்கிப் பார்த்த ஒரு மென்பொருள் அலுவலகத்தில், பாலூட்டும் தாய்மார்களுக்கென்று அறை இருந்தது. கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. பாலை எடுத்துவைக்க ஃபிரிட்ஜும் இல்லை. மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தவர்கள் சில மாதங்களில் ராஜினாமா செய்துகொண்டிருந்தார்கள். விலகும்போது ஹெச்.ஆர். எடுக்கும் பேட்டியில் எல்லோரும் சொன்னது, ‘சொந்தக் காரணம்’. தாழ்ப்பாள் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது பெண் ஊழியர்களின் குழுதான். ஹெச்.ஆரிடம் சொல்லக் கூச்சப்பட்டதை அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். தேர்ந்த ஒருவரை இழந்து, புதியவரைத் தேடிப் பிடித்துப் பழக்குகிற செலவோடு ஒப்பிட்டால் ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன?

இப்படிக் குழு தொடங்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் ஒரு மூத்த அதிகாரியை அதற்குப் பொறுப்பாக்க வேண்டும். நிதி ஒதுக்கக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு இருப்பது முக்கியம். குழுவின் கூட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, விடுப்பு முடிந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் வேலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மகளிர் தினத்துக்குக் கேக் வெட்டுவது நல்லதுதான்; மறுநாள் அந்தக் குழுவிடம் தொழில் சார்ந்த ஒரு கேள்வியையும் கொடுங்கள்.

குழுவை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வேலையை முடித்துவிட்டு, இரவில் உட்கார்ந்துதான் இதைச் செய்கிறார்கள். அந்த உழைப்பு வருடாந்திர அப்ரைசலில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பொறுப்பேற்க ஆள் கிடைக்காது.